பிங்க் ஃபிளாய்டோட 'தி வால்': டர்பன்ல ஒரே ஆல்பத்துக்கு ஏன் ரெண்டு அர்த்தம்?

இங்கிலாந்து ராக் பேண்டு பிங்க் ஃபிளாய்டோட 'தி வால்' ஆல்பம் பத்தி தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கம் பேச்சு எடுத்தா வீட்டுக்குள்ளயே ரெண்டு கட்சி ஆயிடுது. 1980ல சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ்னு டர்பன் இந்தியர் குடியிருப்புகள்ல ஹைஸ்கூல் படிச்ச மாமாமார், சின்னம்மாமாரைக் கேட்டா அது போராட்டப் பாட்டு, ஸ்கூல் பாய்காட் அப்போ பாடினது, கவர்மெண்டு பயந்து தடை பண்ணது, இதுக்கு மேல என்ன விளக்கம் வேணும்பாங்க. அவங்க பிள்ளைங்க முழு ஆல்பத்தையும் ஹெட்போன் மாட்டி கேட்டுட்டு, "மாமா, இது ஒரு பணக்காரப் பாடகன் ஹோட்டல் ரூம்ல உக்காந்து தன் கஷ்டத்தைச் சொல்லி அழுற கதை, இதுல அபார்த்தைட் எங்க வந்துச்சு"ன்னு கேக்குறாங்க (அபார்த்தைட்னா மக்களை இனவாரியா பிரிச்சு வச்ச அந்தக் கால தென்னாப்பிரிக்க வெள்ளை ஆட்சி முறை). இதுல ஆல்பத்தை எழுதின ரோஜர் வாட்டர்ஸ் இன்னைக்குப் பேசுற அரசியல் வேற சேந்துக்குது, யார் எதைப் பத்தி சண்டை போடுறாங்கன்னே புரியாமப் போயிடுது.

அதனால அடியில இருந்து வருவோம்.

எதைப் பத்தி பேசுறோம்

ஆல்பம் வெளிவந்தது 1979 நவம்பர் 30, இங்கிலாந்துல. ரெண்டு எல்பி தட்டு, அதாவது நாலு சைடு, 26 டிராக், மொத்தம் 80 நிமிஷத்துக்கு மேல. பேண்டுல அப்போ நாலு பேர்: பேஸ் வாசிச்சுப் பாடுற ரோஜர் வாட்டர்ஸ், கிட்டார் டேவிட் கில்மோர், கீபோர்டு ரிச்சர்ட் ரைட், டிரம்ஸ் நிக் மேசன். கதையும் பெரும்பாலான பாட்டும் வாட்டர்ஸ் எழுதினது.

இதை 'கான்செப்ட் ஆல்பம்'னு சொல்வாங்க. பாட்டெல்லாம் தனித்தனியா நிக்காம ஒரே கதையை வரிசையா சொல்லிட்டுப் போகும். டர்பன் இருக்கிற நடால் மாகாணத்துல அந்தக் காலத்துல 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்'னு சொன்ன தெருக்கூத்தை விடிய விடிய பாத்தவங்களுக்கு இது சட்டுன்னு புரியும், ஒரு பாட்டை மட்டும் கேட்டுட்டு வீட்டுக்குப் போனா துரியோதனன்தான் நல்லவன்னு நினைச்சுக்கிட்டு போயிடலாம்.

'சிங்கிள்'ங்கிறது ஆல்பத்துல இருந்து ஒரு பாட்டைப் பிரிச்சு தனித் தட்டா விக்கிறது. இங்க சிங்கிளா வந்தது 'அனதர் பிரிக் இன் த வால்' பார்ட் 2. அந்தத் தலைப்புல ஆல்பத்துல மூணு பாட்டு இருக்கு, பார்ட் 1 அப்பா செத்ததைப் பத்தி, பார்ட் 2 ஸ்கூலைப் பத்தி, பார்ட் 3 இனி எனக்கு யாரும் வேண்டாம்னு கதவைச் சாத்துறது. உலகம் முழுக்க ஹிட் ஆனது நடுவுல உள்ளது மட்டும். இங்கிலாந்துல 1979 கிறிஸ்துமஸுக்கு நம்பர் ஒன், அமெரிக்காவுல 1980 மார்ச்ல நம்பர் ஒன், தென்னாப்பிரிக்கா சார்ட்லயும் முதல் இடத்துக்கு வந்துச்சு.

பாதி சண்டை இங்கயே இருக்கு. மூத்தவங்க சிங்கிளைப் பத்தி பேசுறாங்க, சின்னவங்க ஆல்பத்தைப் பத்தி பேசுறாங்க. ரெண்டும் வேற வேற பொருள்.

ஆல்பம் சொல்ற கதை

பிங்க்னு ஒரு ராக் ஸ்டார். கைக்குழந்தையா இருக்கும்போதே அப்பா போர்ல செத்துட்டாரு (வாட்டர்ஸோட சொந்த அப்பாவும் 1944ல இத்தாலியில ஆன்சியோ சண்டையில செத்தவர்தான், அப்போ பிள்ளைக்கு அஞ்சு மாசம்). அம்மா பொத்திப் பொத்தி வளக்குறாங்க. ஸ்கூல்ல வாத்தியார் அவமானப்படுத்துறாரு. கல்யாணம் உடைஞ்சு போகுது. ஒவ்வொரு அடியும் ஒரு செங்கல், அவன் அதை எடுத்து அடுக்கி அடுக்கி தன்னைச் சுத்தி ஒரு சுவர் கட்டிக்கிறான். ரெண்டாவது சைடு முடியும்போது கடைசிச் செங்கலும் வச்சாச்சு.

மூணாவது சைடு சுவருக்கு உள்ள. வெளிய யாராவது இருக்கீங்களான்னு கூப்பிடுறான், பதில் இல்ல. கச்சேரிக்கு நேரம் ஆச்சுன்னு டாக்டர் ஊசி போட்டு எழுப்பி மேடைக்கு அனுப்புறாங்க, அதுதான் 'கம்ஃபர்டப்லி நம்ப்'. நாலாவது சைடுல அந்த ஊசி மயக்கத்துல அவன் ஒரு ஃபாசிஸ்ட் தலைவனா மாறிட்டான், கச்சேரி அரசியல் பொதுக்கூட்டம் மாதிரி ஆயிடுது, கடைசியில அவன் மண்டைக்குள்ளயே ஒரு கோர்ட் நடக்குது, சுவரை இடின்னு தீர்ப்பு வருது.

இந்தக் கதைக்கு விதை 1977 ஜூலையில மாண்ட்ரியல் ஒலிம்பிக் ஸ்டேடியம் கச்சேரி. முன்வரிசையில ஒரே கூச்சல், மேடைப் பக்கம் ஏற வந்த ஒரு ரசிகன் மேல வாட்டர்ஸ் எச்சில் துப்பிட்டார். அப்புறம் தன்னையே பாத்து அருவருத்துப் போய், எனக்கும் கூட்டத்துக்கும் நடுவுல ஒரு சுவர் கட்டினா எப்படி இருக்கும்னு யோசிச்சார். நிஜமாவே 1980-81 கச்சேரிகள்ல அட்டைச் செங்கலை அடுக்கி மேடைக்கு முன்னாடி சுவர் கட்டினாங்க, பேண்டு அதுக்குப் பின்னாடி நின்னு வாசிச்சுது.

ஆக ஆரம்பமே ஒரு பாடகனுக்கு அவனோட கூட்டத்து மேல வந்த பயமும் வெறுப்பும். இதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

1980ல இங்க நடந்தது

அபார்த்தைட் காலத்துல கல்வி இனவாரியா பிரிஞ்சு கிடந்தது. கறுப்பினப் பிள்ளைங்களுக்கு 1953 பான்டு கல்விச் சட்டம், 'கலர்ட்'னு வகைப்படுத்தின கலப்பினப் பிள்ளைங்களுக்கு 1963ல ஒண்ணு, இந்தியப் பிள்ளைங்களுக்கு 1965ல ஒண்ணுன்னு தனித்தனி சட்டம், தனித்தனி இலாகா. காசும் அப்படித்தான். 1978-79ல ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு அரசாங்கம் செலவு பண்ணது, வெள்ளைக்காரப் பிள்ளைக்கு 724 ரேண்ட், இந்தியப் பிள்ளைக்கு 357, கலர்ட் பிள்ளைக்கு 225, கறுப்பினப் பிள்ளைக்கு 71.

அந்த நாலு நம்பரையும் கொஞ்சம் நின்னு பாருங்க. நம்ம பிள்ளைங்க நடுவுல இருந்தாங்க. வெள்ளைக்காரப் பிள்ளைக்குக் கிடைச்சதுல பாதி, கறுப்பினப் பிள்ளைக்குக் கிடைச்சத விட அஞ்சு மடங்கு. 1980 பத்தி நம்ம வீடுகள்ல பேசுற பெருமையில இந்த ரெண்டாவது கணக்கு அடிக்கடி காணாமப் போயிடுது. பிரிச்சு வைக்கிற ஏற்பாடு எப்படி ஓடுச்சுன்னு கேட்டா இந்தப் படிக்கட்டுதான் பதில், ஒவ்வொரு படியில இருக்கிறவனுக்கும் கீழ ஒருத்தனைக் காட்டிட்டே இருக்கலாம்.

1980 ஏப்ரல்ல கேப் டவுன் கலர்ட் ஸ்கூல்கள்ல பாய்காட் ஆரம்பிச்சுது. உடைஞ்ச ஜன்னல், பத்தாத புத்தகம், நீக்கப்பட்ட வாத்தியார்கள்னு தொடங்கி, கல்வி முறையே தப்புன்னு போய் நின்னுச்சு. நாடு முழுக்கப் பரவி டர்பன்ல இந்திய ஸ்கூல் பிள்ளைங்களும் வகுப்பை விட்டு வெளிய வந்தாங்க. அதே மாசங்கள்ல ரேடியோவுல, கடையில, பார்ட்டியில எங்க பாத்தாலும் ஓடிட்டு இருந்த பாட்டு எது? பிள்ளைங்க கூட்டமா சேந்து எங்க மூளையைக் கட்டுப்படுத்தாதேன்னு பாடுற பாட்டு. யாரும் கமிட்டி போட்டு முடிவு பண்ணல, கையில இருந்ததை எடுத்துக்கிட்டாங்க.

1980 மே 2, பாட்டுக்குத் தடை. ஆல்பத்துக்கும் சேத்து.

தடைன்னா என்ன பண்ணுவாங்க

அப்போ ரெண்டு பூட்டு இருந்துச்சு.

1. 1974 பப்ளிகேஷன்ஸ் சட்டம். இதுக்குன்னு ஒரு இயக்குநரகம், அதுக்குக் கீழ கமிட்டிங்க. புத்தகம், படம், ரெக்கார்டு எதுவானாலும் 'விரும்பத்தகாதது'ன்னு முடிவு பண்ணி கெஜட்ல போட்டுட்டா விக்கிறதும் பரப்புறதும் குற்றம். சிலதை வீட்ல வச்சிருந்தாலே குற்றம்.

2. எஸ்ஏபிசி, அதாவது அரசு ஒலிபரப்பு. அதுக்கு இந்தச் சட்டமே தேவையில்ல, அவங்களே உள்ள வச்சு பாட்டு வரிகளைப் படிச்சு இது ஓடலாம் இது ஓடக்கூடாதுன்னு முடிவு பண்ணுவாங்க. ஓடக்கூடாத டிராக் மேல ஆணியால கீறி வச்ச எல்பி தட்டுங்க அவங்க கிடங்குல இன்னும் இருக்கு.

ஆனா 'தி வால்' விஷயத்துல தடை லேட். தட்டு ஏற்கனவே மாசக்கணக்கா வித்து வீடு வீடா போயாச்சு, பாட்டு சார்ட்ல உச்சிக்குப் போயாச்சு, பிள்ளைங்களுக்கு வரி மனப்பாடம் ஆயாச்சு. இனிமே கடையில எடுத்து என்ன பிரயோஜனம். தடை பண்ணதுல நிச்சயமா நடந்த ஒண்ணு என்னன்னா, அதுவரைக்கும் ஒரு இங்கிலீஷ் ஹிட் பாட்டா இருந்தது மே 2க்கு அப்புறம் அதிகாரபூர்வமா ஒரு அரசியல் பாட்டு ஆயிடுச்சு. அந்த முத்திரையைக் குத்தினது பிரிட்டோரியா அரசாங்கம்.

ரெண்டு கட்சியும் தடுக்கி விழுற இடங்கள்

1. பிள்ளைங்க முகமூடி போட்டு வரிசையா நடந்து போய் கறி அரைக்கிற மெஷின்ல விழுற காட்சி. "அதைப் பாத்துத்தான்டா நாங்க ஸ்கூலை விட்டு வெளிய வந்தோம்"னு சொல்றவங்க உண்டு. முடியாது. அது ஆலன் பார்க்கர் எடுத்த படத்துல வர்றது, படம் வந்தது 1982ல. 1980ல அந்தப் படமே இல்ல, கையில இருந்தது பாட்டுதான், அந்தக் காட்சி பின்னாடி வந்து நினைவுல ஒட்டிக்கிட்டது.

2. பாட்டு கல்வியே வேண்டாங்குது. பாய்காட் பண்ண பிள்ளைங்க கேட்டது நேர் எதிர், ஒழுங்கான கல்வி குடு, எல்லாருக்கும் ஒரே கல்வி குடு. "அப்போ பாட்டைத் தப்பா புரிஞ்சுக்கிட்டாங்க"ன்னு சின்னவங்க கட்சி இங்க குதிக்கும். அது அநியாயம்னு நான் சொல்வேன். அந்த நாலு வரியில இவங்க பிடிச்சுக்கிட்டது மூளைக் கட்டுப்பாடு பத்தின வரியை. எந்த இனத்துக்கு எந்த வேலை, எந்த வேலைக்கு எவ்வளவு படிப்புன்னு பாடத்திட்டத்துலயே எழுதி வச்ச நாட்டுல அந்த வரிக்கு லண்டனை விட கேப் டவுன் ஓரத்துல கலர்ட் மக்கள் இருந்த கேப் ஃபிளாட்ஸ்ல கனம் அதிகம்.

3. வாத்தியார். ஆல்பத்துல வர்ற வாத்தியார் கொடுமைக்காரர், அவரே வீட்ல பொண்டாட்டிகிட்ட அடி வாங்குறவர், அந்தக் கோவத்தை வகுப்புல இறக்குறார்னு பார்ட் 2க்கு முன்னாடி உள்ள குட்டிப் பாட்டு சொல்லுது. சிங்கிள் மட்டும் கேட்டவங்களுக்கு இந்த விஷயம் தெரிய வாய்ப்பே இல்ல. இங்க 1980ல நிலைமை வேற, வாத்தியார்மார்ல ஒரு பகுதி பிள்ளைங்க பக்கம் நின்னாங்க.

4. யார் கட்டின சுவர்? பிங்க் தன் கையாலயே கட்டினான். எந்த இனம் எங்க குடியிருக்கணும்னு பிரிச்ச 1950 குரூப் ஏரியாஸ் சட்டத்தை யாரும் தன் மனக்கஷ்டத்துல கட்டிக்கல. முனிசிபாலிட்டி வேலைக்காரத் தமிழ்க் குடும்பங்களும் தெலுங்குக் குடும்பங்களும் தலைமுறையா இருந்த மேகசின் பேரக்ஸைக் காலி பண்ணி, 1960கள்ல நம்பர் போட்ட யூனிட்டா பிரிச்ச சாட்ஸ்வொர்த்துக்கு ஏத்தி அனுப்பினது வெளிய இருந்து வந்த கை. இதுல சின்னவங்க சொல்றது சரி, ஆல்பத்தோட சுவரும் அபார்த்தைட் சுவரும் ஒண்ணு இல்ல.

5. "வாட்டர்ஸே சொல்லிட்டாரு" வாதம். இதை யார் சொன்னாலும் எந்த வருஷத்து வாட்டர்ஸ்னு கேளுங்க. 1979ல கேட்டா அது அவரோட சொந்தக் கதை. 1990 ஜூலை 21, பெர்லின் சுவர் இடிஞ்ச அடுத்த வருஷம், அதே பெர்லின்ல முழு ஆல்பத்தையும் மேடை ஏத்தினாரு. 2010 முதல் 2013 வரைக்கும் போன டூர்ல போர்லயும் வன்முறையிலயும் செத்தவங்க படத்தை அந்தச் சுவர் மேலயே போட்டுக் காட்டினாரு. எழுதினவரே அர்த்தத்தை மாத்திட்டுப் போனப்புறம் ரசிகர்கள் மாத்தினாங்கன்னு எப்படிக் குறை சொல்றது.

கூட்டமா பாடுறது

என் பார்வையில இந்த ஆல்பத்துல உண்மையான முரண் இங்கதான் இருக்கு, சண்டையில இது வர்றதே இல்ல.

பார்ட் 2 முதல்ல ரொம்பச் சின்னப் பாட்டு, ஒரே ஒரு வெர்ஸ். ப்ரொட்யூசர் பாப் எஸ்ரின் இது ஹிட் ஆகும்னு மோப்பம் பிடிச்சு, டேப்பைக் காப்பி பண்ணி ஒட்டி நீட்டினார், அப்போ ஓடிட்டு இருந்த டிஸ்கோ பீட்டைக் கீழ வச்சார். ரெண்டாவது வெர்ஸுக்கு யார் பாடுறது? லண்டன்ல ஸ்டுடியோவுக்குப் பக்கத்துல இருந்த இஸ்லிங்டன் கிரீன் ஸ்கூல்ல இருந்து 23 பிள்ளைங்களை மியூசிக் வாத்தியார் கூட்டிட்டு வந்தார், அவங்க குரலை 12 தடவை மேல மேல பதிஞ்சு பெரிய கூட்டம் மாதிரி ஆக்கினாங்க. ஸ்கூலுக்கு 1,000 பவுண்டு கிடைச்சுது. பாடின பிள்ளைங்களுக்குத் தனியா ராயல்டி எதுவும் இல்ல, 2004ல பெரியவங்களாகித்தான் அவங்கள்ல சிலர் கேட்டு வந்தாங்க. ஸ்கூலைத் திட்டுற பாட்டுக்கு ஸ்கூல் பிள்ளைங்களை வச்சு இப்படி, போகட்டும்.

இப்போ நாலாவது சைடுக்கு வாங்க. அங்கயும் கூட்டம் இருக்கு, ஒரே குரல்ல கத்துது. பிங்க் மேடையில நின்னு இந்தக் கூட்டத்துல யார் யூதன், யார் கறுப்பன், யார் ஓரினச் சேர்க்கையாளன்னு ஒவ்வொருத்தனா பொறுக்கி எடுத்து சுவர்ப் பக்கம் தள்ளச் சொல்றான், இனத்தைக் கேவலப்படுத்துற வசவையே வாய் கூசாம சொல்றான். கூட்டம் ஆரவாரம் பண்ணுது. இதை லண்டன்ல கேக்குறவனுக்கு அது எச்சரிக்கை, கற்பனை. அபார்த்தைட் நடந்துட்டு இருந்த நாட்டுல கேட்டவனுக்கு அது தினப்படி செய்தி. பார்ட் 2ல பிள்ளைங்க கூட்டமா சேந்து பாடுறது விடுதலை மாதிரி கேக்குது, நாலாவது சைடுல அதே ஒத்த குரல்தான் பயமுறுத்துது. ஆல்பம் கூட்டத்தைச் சந்தேகப்படுது, ஆனா அந்த ஆல்பத்தை உலகம் பூரா கொண்டுபோய்ச் சேத்தது ஒரு கூட்டத்தோட குரல்.

அதனால 1980ல பிள்ளைங்க எடுத்துக்கிட்டது கதை எழுதினவனோட கருத்தை இல்ல, ப்ரொட்யூசர் ஒட்டின அந்த 23 பிள்ளைங்களோட குரலை. அந்தக் குரலை எடுத்துக்க அவங்களுக்கு முழு உரிமை இருந்துச்சுன்னுதான் நான் நினைக்கிறேன், அது அவங்க வயசுப் பிள்ளைங்க குரல். ஆனா அதை வச்சு முழு ஆல்பமும் போராட்ட ஆல்பம்னு சொன்னா மூணாவது, நாலாவது சைடைக் கேக்காமலே பேசுறோம்னு அர்த்தம்.

சரி, ஆல்பம் நல்லா இருக்கா?

அமெரிக்காவுல 23 தடவை பிளாட்டினம் சான்றிதழ் (ரெண்டு தட்டு ஆல்பத்தை ரெண்டா எண்ணுவாங்க, அதனால இந்த நம்பரைக் காட்டி யாராவது வாதம் பண்ணா பாதியாக் குறைச்சுக்கோங்க). விக்கிறது வேற, தரம் வேற.

கில்மோர் கட்சிக்காரங்க 'கம்ஃபர்டப்லி நம்ப்' ஒண்ணு போதும்பாங்க. அது கில்மோர் தன் சோலோ ஆல்பம் பண்ணும்போது போட்டு வச்ச மெட்டு, வரி வாட்டர்ஸ். அதைப் பதியும்போது ரெண்டு பேருக்கும் பெரிய தகராறு, ஆர்கெஸ்ட்ராவோட மெதுவா வேணுமா இல்ல கிட்டார் கரகரன்னு வேணுமான்னு, கடைசியில ரெண்டையும் கலந்தாங்க. சண்டையோட பலன் காதுல கேக்குது. வாட்டர்ஸ் தனியா நடத்துற 'தி ட்ரயல்' பக்கம் போனா மேடை நாடகம், அதுல பாட்டு கொஞ்சம், நடிப்பு ஜாஸ்தி. எனக்கு நாலாவது சைடு கருத்துல உசத்தி, கேக்குறதுக்கு சுமார். மூணாவது சைடுதான் ஆல்பத்தோட உயிர். ரெண்டாவது சைடுல பொண்டாட்டியைப் பத்தி வர்ற பாட்டுங்க சுயபச்சாதாபம், அதுல வர்ற பெண்களுக்கு ஒரு முகமே இல்ல, இதை யாரும் ஒத்துக்க மாட்டாங்க.

இன்னொண்ணு, ரிச்சர்ட் ரைட்டை இந்த ஆல்பம் பண்ணும்போதே வாட்டர்ஸ் வெளிய தள்ளிட்டார். கச்சேரிக்கு அவர் சம்பளத்துக்கு வாசிச்சார். அந்த சுவர் கட்டுற ஷோ செலவுல மத்த மூணு பேருக்கும் நஷ்டம், சம்பளம் வாங்கின ரைட்டுக்கு மட்டும் லாபம். அதே பேண்டோட முந்தின ஆல்பம் 'டார்க் சைட் ஆஃப் த மூன்' கேட்டுப் பழகினவங்க இதுல ஏதோ குறையுதுன்னு சொன்னா அந்தக் குறைக்குப் பேர் ரைட்டோட கீபோர்டு.

எந்த 'தி வால்'?

அடுத்த தடவை விவாதம் சூடானா முதல்ல யார் எதைக் கேட்டாங்கன்னு தெரிஞ்சுக்கோங்க.

1. எல்பி. பழைய தட்டோட உறையில அச்சடிச்ச வரிகளை நம்பி வாதம் பண்ணாதீங்க. வரிசையைக் கடைசி நேரத்துல மாத்தினாங்க, அதனால 'ஹே யூ' மூணாவது சைடு முதல் பாட்டா இருந்தாலும் உறையில சைடு கடைசியில கிடக்கும், தட்டுலயே இல்லாத ஒரு பாட்டோட வரிகூட அதுல இருக்கு.

2. படம். 'ஹே யூ' அதுல கிடையாது, எடுத்து வெட்டிட்டாங்க. அதுக்குப் பதிலா அப்பா செத்த கதை பெருசாயிருக்கு. படம் பாத்து ஆல்பத்தைத் தெரிஞ்சுக்கிட்டவங்க இதைப் போர்க் கதைன்னு சொல்றதுக்குக் காரணம் இதுதான்.

3. சிங்கிள். மூணு நிமிஷம் சொச்சம். 1980ல தெருவுக்கு வந்தது இது.

4. வாட்டர்ஸோட பிற்கால மேடை நிகழ்ச்சிங்க. பாட்டு பழசு, சுவர் மேல ஓடுற படம் புதுசு, அர்த்தம் அந்தப் படத்துல இருந்து வருது.

மாமா 3ஐப் பத்தி பேசிட்டு இருக்கும்போது மருமகன் 1ல இருந்து பதில் சொல்லிட்டு இருப்பான், நடுவுல ஒருத்தர் 2ல இருந்து கறி மெஷினைக் கொண்டு வருவார். ஆல்பத்தை ஷஃபிள்ல போட்டுக் கேட்டவரு யாராவது இருந்தா அவரை முதல்ல வரிசையா கேட்டுட்டு வரச் சொல்லுங்க, 80 நிமிஷம் கழிச்சு பேசிக்கலாம்.